தேவசகாயத்தின் கடைசி இதழ்

அப்போது ஆளுக்கொரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. வாசகர் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறார் என்று பார்த்து, அடுத்த இதழை இயந்திரமே எழுதும். நூலகத்துக்கும் ஒரு பிரதி வரும்.

தேவசகாயம் இறந்து ஓராண்டாகியும் அவருடைய இதழை மனைவி எஸ்தர் நிறுத்தவில்லை. நூலகர் மெஹருன்னிசா எஸ்தரை வரச்சொல்லியிருந்தாள்.

"அக்கா, சாரோட இதழுக்குப் பதிவேட்டுல கடைசி இதழ் எண்ணும் தேதியும் பதியணும்."

"அதான் வாராவாரம் வருதே?"

மெஹருன்னிசா புது இதழைப் பிரித்துக் காட்டினாள். தேவசகாயம் விரும்பிய சதுரங்கப் புதிர் வரும் இடத்தில் ரோஜா வளர்ப்பு இருந்தது. "சாருக்குச் செடின்னா பிடிக்குமா?"

"எனக்குத்தான் பிடிக்கும்." எஸ்தரின் குரல் இறங்கியது. "புதிர்ப் பக்கத்தை நான் புரட்டிட்டுப் போயிடுவேன்."

எஸ்தர் பழைய இதழ்களைத் தேடி, கடைசியாகப் புதிர் வந்த இதழை எடுத்தாள். அடியில் 'விடை அடுத்த இதழில்' என்றிருந்தது.

"இதையே கடைசின்னு எழுதிடும்மா."