ரிட்டர்ன் லோடு

மூடிக்கிடந்த சாயப்பட்டறை நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. வாசலில் பெரிய பலகை: 'ஒரு வயலைக்கூட அழிக்காமல் கட்டுகிறோம்.' சாயம் ஊறிய பழைய மண்ணைப் பத்தடிக்கு வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்ப வேண்டும். அந்த நல்ல மண்ணைப் பொன்னாத்தாவின் சோளக்காட்டிலிருந்து டிப்பரில் அள்ளி வந்தான் மயிலேறி. வண்டியைக் காலியாகத் திருப்புகிறவன் டிரைவரே இல்லை என்பது லாரி ஸ்டாண்டின் சட்டம். ஆகவே திரும்பிப் போகும்போது பட்டறை மண்ணை ஏற்றிப்போய், நல்ல மண் அள்ளிய சோளக்காட்டுக் குழியிலேயே கொட்டினான்.

மூன்றாம் நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. அதிலிருந்து சோறு இறங்கவில்லை. பலகையைக் கடக்கும்போதெல்லாம் காரணமில்லாமல் ஹாரன் அடித்தான்.

மழை பெய்த மறுநாள், குழியோரம் வண்டியை ரிவர்ஸில் நிறுத்தியபோது பொன்னாத்தா டிரைவர் பக்கக் கதவருகே வந்தாள்.

"குழியத் தூர்த்துத் தாரோம்னாங்க. நல்ல மண்ணுதான கண்ணு?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் குழியில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு அவளுடைய வெள்ளாடு மேலேறி வந்தது. அதன் தாடி நீலமாகச் சொட்டியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

பின்னால் டிப்பர் தொட்டி மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது. அவன் கை எப்போதோ லிவரை இழுத்திருந்தது.