ஐந்தாவது பலகை

ஏதென்ஸ் நகரத்து நாடகப் போட்டி. பத்து நடுவர்கள் சிறந்த நாடகத்தின் பெயரை எழுதிக் குடத்தில் போட்ட பலகைகளில் ஐந்தை மட்டும் எடுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, முடிவு கட்டிய ஐந்தாவது பலகை மெலாண்டருடையது. அன்று காலை அரங்கில் குலுக்கிப் போட்டதில் நடுவரானவர் அவர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நண்பர் பைலோன் விடவில்லை. "ஏன்யா, கோபத்துல தம்பியைக் கொன்ன ராஜாவுக்கா போட்டே? அவனுக்கு ஒரு நிமிஷம் புத்தி கெட்டுச்சு, அவ்வளவுதான். இன்னொரு நாடகத்துக் கிழவனைப் பாரு. தப்புன்னு தெரிஞ்சும் பெத்த பிள்ளைக்குக் கதவைத் திறக்கலையே! அதுதான்யா ஆளையே அழிக்கிற குறை. நான் அழுதுட்டேன்."

"பிள்ளைதானே வந்து கால்ல விழணும்? கிழவன் மேல என்ன தப்பு?"

"உன்கிட்ட பேசறதுக்குக் கல்லுகிட்ட பேசலாம்" என்று பைலோன் தன் தெருவுக்குத் திரும்பிவிட்டார்.

வாசலிலேயே மனைவி காத்திருந்தாள்.

"அவன் பேரையே எடுக்கக் கூடாதுன்னு ஏழு வருஷமா என் வாயைக் கட்டிட்டீங்க. இன்னிக்கு மட்டும் சொல்லுங்க. நம்ம பிள்ளை எழுதின நாடகம் ஜெயிச்சுதா?"

"ஒரே ஒரு ஓட்டுல போச்சு."

"எந்தப் பாவி போட்டானோ, அவன் கை விளங்காமப் போக!"

மெலாண்டர் வலது கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.