ஓடி வருகிறவர்கள்

ஏற வேண்டியவர்கள் எல்லாம் ஏறியாயிற்று. பஸ் நகரவில்லை.

கதவு திறந்தே கிடக்க, டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இவரு பஸ் ஓட்டுறாரா, தவம் பண்றாரா?” என்றார் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர். பஸ் முழுக்கச் சிரித்தது.

இந்தத் தடத்தில் டிரைவருக்குப் பெயரே சாமியார்தான். பின்னால் யாரும் ஓடி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உறுதியான பிறகுதான் வண்டியை எடுப்பார். அதிலும் இந்தச் சந்தை நிறுத்தம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். யார் திட்டினாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். டெப்போவில் எச்சரித்து எச்சரித்து அவர்களுக்கே அலுத்துவிட்டது.

முன் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. பின்னால் திரும்பினாள்.

“எங்கப்பா இதே இடத்துலதான் இவரு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து, நெஞ்சடைச்சு விழுந்தாரு. மழையில கண்ணாடி மங்கி இவருக்குத் தெரியாமப் போச்சு. அதுலேர்ந்து இப்படித்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

கேலி செய்தவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

டிரைவருக்குக் காது சுட்டது. அவள் அவரை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோதுகூட, தெரியாமல் நடந்ததற்கு மனுஷன் என்ன செய்வார் என்று எல்லார் வாயையும் அடைத்தவள் அவள்தான். ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவள் அவருக்கும் சேர்த்தே சாமியிடம் வேண்டிக்கொள்வாள். கூடப் போனாலும் அவர் கோயில் வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே போய் என்னவென்று சொல்லிக் கும்பிடுவது?

அவருக்குத் தெரிந்த கும்பிடு இது ஒன்றுதான். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து படியில் கால் வைக்கும்போது மட்டும் அவருக்குள் ஏதோ ஒன்று குனிந்து எழும். கடவுள் என்று ஒருவர் இருந்தால், அவர் எங்கோ உயரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார், கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருகிறவராகத்தான் இருப்பார் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

தூறல் ஆரம்பித்தது. கண்ணாடியில் துளிகள் விழுந்தன.

மனைவி இறங்கினாள். முன்பக்கமாகச் சுற்றி வந்து, கூடையிலிருந்த துணியால் கண்ணாடியை மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள். அதில் ஒரு பெரியவர் தூரத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.

“இப்பத் தெளிவாத் தெரியுதாங்க?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கும் இவ்வளவு தெளிவாகத்தான் தெரிந்தது. ஓடி வருவது மாமனார் என்றும் தெரிந்தது. முந்தின நாள் சண்டையில் மாமனார் பேசிய பேச்சு ஆறாமல் இருந்தது.

மழையில் கொஞ்ச நேரம் நிற்கட்டும், அப்போதுதான் கொழுப்பு அடங்கும் என்றுதான் அன்றைக்குக் கியரைப் போட்டார்.