பல்குச்சி தொலைத்த கத்தி

பத்து வருடம் முதலாளியின் சட்டைப்பையில் இருந்த மடக்குக் கத்தி ஒன்று திடீரென்று மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது. கத்திக்குள் அரம், கத்தரி, திருப்புளி, ரம்பம் (சிறியதுதான், ஆனாலும் ரம்பம்) எல்லாம் இருந்தன.

"என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்றது அங்கே கிடந்த ஊக்கு.

"அதுதான் புரியவில்லை தம்பி. ஒன்றும் மழுங்கவில்லை. நேற்று பல் குத்தும் குச்சி மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. அதுவும் பிளாஸ்டிக். அதற்காகவா என்னைத் தள்ளிவைப்பார்?"

"ரம்பத்தைக் கடைசியாக எப்போது எடுத்தார்?"

கத்தி ரம்பத்தை ஒருமுறை விரித்துப் பார்த்து மடக்கியது. "எடுப்பார். இன்றே என்னைத் திரும்பக் கூட்டிக்கொள்வார், பார்."

மதியம் கறிச்சாப்பாடு முடிந்ததும் இழுப்பறை திறந்தது. கத்தி எல்லாவற்றையும் விரித்துக் காட்டியது. முதலாளியின் கை அதை ஒதுக்கிவிட்டு ஊக்கை எடுத்துக்கொண்டது.

ஊக்கை வைத்து எந்த மரத்தை அறுக்கப்போகிறார் என்று கத்தி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.