ஏழாவது குறை

ஆறு குறைகளுக்கும் தலையாட்டிய சேக் மைதீன், ஏழாவதைப் படித்ததும் நின்றுவிட்டார்.

கரூர் பைபாஸில், கார் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் ஷெட். வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் என் புகார்க் கடிதம் ஒரு பக்கத்தை நிறைத்துவிட்டது.

மேட் நழுவி பிரேக்குக்கு அடியில் போகிறது. சீட் கவர், பெல்ட் மாட்டும் கொக்கியை விழுங்கிவிட்டது. ஜன்னல் மேல் ஒட்டிய வைசர் ஒரு முனையில் வாயைப் பிளக்கிறது. மட் ஃப்ளாப் டயரில் உரசி, காவிரிப் பாலம் முழுக்கக் கரகரவென்று பாடிக்கொண்டு வந்தது. ரிவர்ஸ் கேமராவில் பின்னால் இருக்கும் சுவர் தெரியவில்லை, வானம் தெரிகிறது. கதவோரப் பட்டை இடப்பக்கம் மட்டும் அரை விரல் ஏறி நிற்கிறது.

எல்லாவற்றையும் மாட்டியவர் சேக் மைதீன்தான்.

"அன்னிக்கு முகூர்த்த நாள் சார். ஒரே ஆளு, பதினோரு வண்டி," என்றார், எதையும் மறைக்காமல்.

ஏழாவது: பின்கண்ணாடியில் ஒட்டியுள்ள நாமம் தவறு.

'நாமம் போட்டுவிட்டீர்கள்' என்று எழுதிவிடாமல் ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருந்தேன்.

நாங்கள் தென்கலை. எங்கள் நாமத்துக்கு மூக்கின் மேல் இறங்கும் பாதம் ஒன்று உண்டு. கண்ணாடியில் இருந்ததோ பாதமில்லாத வடகலை நாமம்.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. கீழச்சித்திரை வீதியில் அண்ணா, அத்திம்பேர், பட்டர் எல்லோரும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். இந்தக் கண்ணாடியோடு வண்டி நிற்பதும், நான் நெற்றியை மாற்றிக்கொண்டு நிற்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

"ஸ்ரீரங்கத்துக்கு வண்டி விக்கறேள். நாமத்துல ரெண்டு தினுசு இருக்குன்னுகூடத் தெரியாதா?"

"தெரியுமே சார். அம்மா எனக்கு கிளாஸே எடுத்தாங்க."

டூல் பாக்ஸ் மூடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

இரண்டு நாமங்கள், பக்கத்தில் பக்கத்தில், பேனாவால் வரைந்தவை. பாதம் வைத்ததற்குக் கீழே 'இது இல்லை' என்று எழுதியிருந்தது.

என் மனைவி வேதவதியின் கையெழுத்து.

"கால் இருக்குறது எங்க வீட்டுக்காரரோடது, இல்லாதது எங்கப்பா நெத்தியில இருந்ததுன்னாங்க. மாத்தி ஒட்டிடக் கூடாதேன்னு நானும் மூணு தடவை கேட்டுக்கிட்டேன்."

மாமனார் கும்பகோணத்துக்காரர். காலமாகி ஒன்பது வருஷம். கல்யாணத்தன்றே வேதவதி எங்கள் கலைக்கு வந்துவிட்டாள் என்று முப்பத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது அவளைக் கேட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை.

பின்கண்ணாடியைத் திரும்பப் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அந்த வண்டியில் கோணாமல் ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

"உரிக்கவே வேணாம் சார்," என்றார் சேக் மைதீன். "கீழ சின்னதா ஒரு துண்டு ஒட்டுனா போதும். ரெண்டே நிமிஷத்துல உங்களுதா ஆயிடும்."

கத்தரியும் வெள்ளை ஸ்டிக்கரும் அவர் கையில் தயாராக இருந்தன.

"வேண்டாம்," என்றேன். "மத்த ஆறையும் பாருங்கோ."

கடிதத்தில் ஏழாவதை அடித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். அடித்தல் திருத்தலோடு எதையும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அங்கேயே ஒரு புதுத் தாள் வாங்கி, ஒன்றிலிருந்து ஆறு வரை நிதானமாகத் திரும்ப எழுதினேன். கவுண்ட்டரில் இருந்த ஃபெமினா என்ற பெண்ணிடம் நீட்டினேன்.

"ஓனர்தான் சார் சைன் பண்ணணும்," என்றாள்.

வண்டி வேதவதியின் பெயரில்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு வாங்கிய முதல் வண்டி. எனக்கு ஓட்டத் தெரியாது.

என்னை இங்கே ஓட்டிவந்தவள், ஷோரூமின் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தாள். ஆறாவதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தையும் படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரம் ஆயிற்று.

"ஏன்னா, கார்த்தால ஏழுன்னு சொன்னேளே?"

"தப்பா எண்ணிட்டேன்," என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.