யாரோ விட்டுப் போன ஆமை

டெய்லர் பிளாஸ்டிக் தொட்டியைக் கால்நடை டாக்டரின் மேஜைமேல் வைத்தார். “பாலத்துக்குக் கீழ கிடந்துச்சு டாக்டரம்மா. எந்தப் பாவி விட்டுட்டுப் போனானோ!”

டாக்டர் ஆமையைத் தூக்கிப் பார்த்தார். “விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கு. தண்ணி ஆமை. காசு மாதிரி குட்டியா இருக்கும்போது ஆசையா வாங்குவாங்க. தட்டு மாதிரி வளர்ந்ததும் எங்கயாவது விட்டுடுவாங்க.”

“அவனெல்லாம் மனுஷனா? கையில கிடைச்சான்னா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்!” பேசப் பேச டெய்லருக்குத் தன்மேல் தனக்கே மதிப்பு கூடியது.

டாக்டர் ஆமையை மேஜைமேல் விட்டு, இரையை நீட்டினார். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டவில்லை. “மிரண்டு போயிருக்கு. இங்கயே இருக்கட்டும், நாங்க பார்த்துக்கறோம்.”

வந்த காரியம் முடிந்த நிம்மதியில் டெய்லர் எழுந்தார். போகிற போக்கில் குனிந்து மெல்லச் சொன்னார்: “சமர்த்தா இருக்கணும், என்ன பட்டு?”

அவ்வளவுதான். ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று அவரிடம் நடந்து வந்து, வாயை ஆவென்று திறந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “பாலத்துக்குக் கீழ கிடந்தது, பேர் சொன்னா வருதே அண்ணே?”

தலையை உள்ளே இழுத்துக்கொள்ள ஓடு இல்லாத டெய்லர், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இதுக்கு எவ்வளவு பெரிய தொட்டிம்மா வேணும்?”