றேணுகாவின் கணவாய்க் கறி

"தம்பி, நீரா அடுப்படியில? விடும், நான் வைக்கிறன்," என்றார் பக்கத்து வீட்டு ஷெரோமி அன்ரி, கதவடியில் நின்றபடி.

"பரவாயில்லை அன்ரி."

திலக்ஷன் விடியவே எழுந்து, தண்ணீர் பிடித்து, பிளேன்ரீ குடித்து, மைப்பை உடையாமல் கணவாய் மீனைத் துப்புரவாக்கியிருந்தான். மனைவி றேணுகா இறந்து ஒரு மாதம். காலையில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை. மதியம் வீட்டில் சாப்பாடு. அந்தத் தொடர்மாடியில் குடியிருந்த எல்லோரும் ஒன்றுதான் கேட்டார்கள்: றேணுகாவின் கணவாய்க் கறி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணம் கிண்ணமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து அவள் அப்படிப் பழக்கிவிட்டிருந்தாள்.

"கவனம் தம்பி. இது அவவின்ர பேர்."

"தெரியும் அன்ரி."

அன்ரி போனார். கறி கொதித்தது. கணவாய் பதமாய் வெந்தது. திலக்ஷன் அடுப்பை நிறுத்தாமல் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மதியம், எல்லோரும் முதல் வாய் வைத்தார்கள். கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் மக்கீன் நானா மென்றார். இன்னும் மென்றார்.

"மகன், கோவிச்சிக்காதீங்க. செருப்ப சப்புற மாதிரி ஈக்கிது."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அன்ரி அழுதுகொண்டே.

"என்ட பொஞ்சாதியும்தான் இவ்வளவு காலமா ஆக்குறா," என்றார் நானா. "றேணுகா தங்கச்சிட ருசி வரல்லயே."

"நானும் எத்தனை தரம் கேட்டுப் பாத்தன்," என்றார் அன்ரி. "எப்பிடிப் பிள்ளை வைக்கிறனீ எண்டு கேட்டா, சிரிச்சுக்கொண்டு ஓடிப்போயிடுவா கள்ளி. நீராவது பக்கத்தில நிண்டு பாத்திருக்கக் கூடாதோ, தம்பி?"

"அவ சமைக்கிறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை, அன்ரி."

"அவவோடயே போட்டுது அந்தக் கறி."

திலக்ஷன் தலையாட்டினான்.

எல்லோரும் போனபின் சட்டியை ஊறப்போட்டான். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னது இதுதான்:

"இவ்வளவு நாளும் சமைச்சது நீங்களெண்டு, நான் செத்தாலும் அன்ரியாக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்ன?"